குளிர்காலத்துக் கொம்பாஸ்

1

ஐப்பசி பிறந்ததும் லண்டன் லூயிஷாமில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்ன அலுமாரியை என் மனைவி மனோ காலி செய்து தருவாள். கறித்தூள் டின்களும் பழைய சப்பாத்துகளும் வெளியே போகும். கொம்பாஸ்கள் உள்ளே போகும். இந்த வருஷமும் அப்படியே நடந்தது. ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் பள்ளிக்கூடத்துக் கொம்பாஸ் பெட்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது படகில் பூட்டுகிற திசைகாட்டி. கவிழ்த்து வைத்த தேங்காய்ப் பாதி அளவில் ஒரு கண்ணாடிக் குமிழ், அது நிறையத் திரவம், திரவத்துக்குள் மிதக்கும் ஒரு வட்டத் தட்டு, தட்டின் அடியில் காந்தம். படகு எப்படித் தூக்கிப் போட்டாலும் தட்டு தறிகெட்டுச் சுழலாமல் ஆறுதலாகத் திரும்பி வடக்கைக் காட்டுவதற்காகத்தான் அந்தத் திரவம்.

போன வருஷம் இதே அலுமாரிக்குள் இருந்த ஒரு கொம்பாசால் எங்கள் வீட்டில் ஒரு காரியம் நடந்தது. அதை எழுதச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. இன்று அலுமாரிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு முழங்காலில் நின்றபோது, எழுதினால் என்ன என்று பட்டது. பெரிதாக உணர்ச்சிவசப்பட்டு எழுதுகிறேன் என்று நினைக்கவேண்டாம். அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போய்க் கனகாலம்.

2

ஊரில், யாழ்ப்பாணத்தில், நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் கிளாக்கர். கடலில் போனது என்றால் நயினாதீவுத் திருவிழாவுக்கு மோட்டார் லோஞ்சியில் போனதுதான். அதிலும் போகவும் சத்தி, வரவும் சத்தி, வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அப்படிப்பட்ட எனக்கு டெப்ட்ஃபோர்டில் ஆற்றங்கரையில் படகு திருத்தும் முற்றம் ஒன்றில் வேலை கிடைத்ததற்குக் காரணம், நான் பெரிய கடலோடி என்று முதலாளி ரெஜ் நினைத்துவிட்டதுதான். தமிழர்கள் படகில் ஏறித் தப்பி ஓடுவதை அவர் டிவியில் பார்த்திருக்கிறார். நான் ஹீத்ரோவில் பெட்டியும் கையுமாக வந்து இறங்கியவன். அதை மறுத்துச் சொல்ல அப்போது என்னிடம் இங்கிலிஷும் இருக்கவில்லை, வேறு வேலையும் இருக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் தலையாட்டினேன். அடுத்த நாள் கையில் ஒரு சுரண்டியைத் தந்து படகின் அடியில் ஒட்டிய பாசியைச் சுரண்டச் சொன்னார்கள்.

இரண்டு குளிர்காலம் சுரண்டிய பிறகு கொம்பாஸ் வேலைக்கு வந்தேன். இங்கே பாய்ப்படகு வைத்திருப்பவர்கள் கோடையில் மட்டும் ஓடுவார்கள். இலை உதிரத் தொடங்கியதும் படகைக் கரையில் ஏற்றி, தாங்குகட்டையில் நிறுத்தி, தார்ப்பாய்ப் படங்கால் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். கொம்பாசை அப்படியே விட்டால் உறைபனியில் திரவம் சுருங்கும். அடியில் இருக்கிற ரப்பர்ச் சவ்வு வெடிக்கும். பிறகு ஒரு காற்றுக் குமிழி உள்ளே வந்து குந்திக்கொள்ளும். குமிழி வந்த கொம்பாஸ் ஆட்டத்தில் தட்டை நிம்மதியாக இருக்கவிடாது. ஆகவே கழற்றி எடுப்பேன். நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவுவேன். பெற்றோல், தின்னர் எதையும் குமிழில் படவிடமாட்டேன், பட்டால் மங்கிப் போகும். காற்று இருந்தால் திருகாணியைக் கழற்றி, அந்த ஓட்டை மேலே பார்க்கச் சரித்து வைத்து, உள்ளே இருக்கிற அதே சாதித் திரவத்தை ஊசியால் சொட்டுச் சொட்டாக விட்டு, கடைசிக் காற்றும் வெளியேறும்வரை மெல்ல ஆட்டுவேன். ஒரு சாதிக்கு எண்ணெய், ஒரு சாதிக்கு ஸ்பிரிட் கலந்த தண்ணீர். மாறினால் எல்லாம் பாழ்.

முற்றத்துக் கொட்டகையில் சூடாக்க வசதி இல்லாததால் அவற்றை நான் வீட்டுக்குக் கொண்டுபோவதில் ரெஜ்ஜுக்கும் சம்மதம். மாடிப்படிக்குக் கீழே அதிகக் குளிரும் இல்லை, ஹீட்டரின் சூடும் இல்லை, வெயிலும் இல்லை. தலையணை உறையில் சுற்றி, நிமிர்த்தி, ஒவ்வொன்றிலும் படகின் பெயரை எழுதிக் கட்டி வைப்பேன். இரும்பும் காந்தமும் கிட்ட வரக்கூடாது. அது ஒன்றுதான் வீட்டில் எல்லாருக்கும் நான் போட்ட சட்டம்.

ரெஜ் ஒருமுறை சொன்னார்: இந்த நாட்டுக்கென்று சமநிலைப்படுத்திய கொம்பாசை உன்னுடைய ஊருக்குக் கொண்டுபோனால் தட்டு ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு நிற்கும், அந்தந்த இடத்துப் பூமியின் இழுப்பு வேறு. இதைக் கேட்டதும் நம்மவர்களில் சிலர் கவிதை எழுதப் பேனா தேடுவார்கள் என்று தெரியும். நான் ஓம் என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்தேன்.

3

போன வருஷம் நவராத்திரிக்கு முதல் மிஸஸ் ஹாரிசின் கொம்பாஸ் வீட்டுக்கு வந்தது. மிஸஸ் ஹாரிஸ் எங்கள் மகள் தர்ஷினி படிக்கும் பள்ளிக்கூடத்தில் பௌதிக ரீச்சர். அவருக்கும் புருஷனுக்கும் சொந்தமாக ஒரு பாய்ப்படகு. எங்கள் முற்றத்தில்தான் குளிர்காலம் கழிக்கும். இரண்டு விஷயமும் ஒரே ஆளில் வந்து சேர்ந்தது தற்செயல்.

சரஸ்வதி பூசைக்கு மனோ தர்ஷியின் புத்தகங்களை அடுக்கினாள். ஆயுதம் என்று குசினிக் கத்தி, கத்தரிக்கோல், என் ஸ்க்ரூ டிரைவர்கள் எல்லாம் வைத்தாள். நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் நடுவில் மிஸஸ் ஹாரிசின் கொம்பாஸ், குமிழின் உச்சியில் சந்தனம், குங்குமம். "தொழில் எண்டால் இதுதானே உங்கட தொழில்" என்றாள். கத்தி பக்கத்தில் கிடந்ததால் தட்டு ஒரு பக்கமாக இழுபட்டு நின்றது. சட்டம் என்ன என்று சத்தம் போட்டேன். கத்தியைக் கையில் எடுத்து அவளுக்குக் காட்டினேன்: கிட்டக் கொண்டுபோனால் தட்டு திரும்பும், எடுத்தால் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். இரும்புக்கே இப்படி, காந்தம் கனநாள் பக்கத்தில் இருந்தால் அது பழைய இடத்துக்கே வராது, கொம்பாஸ் பொய் சொல்லத் தொடங்கிவிடும் என்று விளங்கப்படுத்தினேன். மனோ கவனமாகக் கேட்டாள். இவ்வளவு கவனமாக அவள் என் பேச்சைக் கேட்டுக் கனகாலம் என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட வந்தது.

அன்று பின்னேரம் அவலும் கடலையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தர்ஷி விஷயத்தைச் சொன்னாள். ஏ லெவல் சோதனை முடிந்ததும் மிஸஸ் ஹாரிஸ் மூன்று பிள்ளைகளைத் தன் படகில் கடல் கடந்து பிரான்சுக்குக் கூட்டிக்கொண்டு போகிறாராம். அதில் அவளும் ஒருத்தி. எங்களிடம் அனுமதி கேட்கவில்லை, அறிவித்தாள். இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில்லை.

மனோ அவல் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். தண்ணீர் ஓடும் சத்தம் நெடுநேரம் கேட்டது. திரும்பி வந்து "படகில போக ஏலாது" என்றாள்.

தர்ஷிக்குக் காரணம் தெரியும். ஆனாலும் சொன்னாள்: "அம்மா, அது வோர், சண்டைக்காலம். இது ஹொலிடே."

4

காரணம் நாதன். மனோவின் தம்பி. தாய் நேரத்தோடு செத்துப்போனதால் மனோதான் அவனை வளர்த்தாள். நாங்கள் லண்டனுக்கு வந்த அடுத்த வருஷம், எண்பத்தாறில், பொடியன்களை ஆமி அள்ளிக்கொண்டு போன காலத்தில், இந்தியாவுக்கு வந்தால் அங்கிருந்து எப்படியும் கூப்பிடலாம் என்று இங்கிருந்து நாங்கள் சொல்லி அனுப்பினோம். பருத்தித்துறைப் பக்கம் ஒரு கரையில் பதினொரு பேரில் ஒருவனாகப் படகு ஏறினான். விடிய வேதாரணியத்தில் இறங்க வேண்டியவர்கள். இறங்கவில்லை. அன்று வேறு படகில் போய்ச் சேர்ந்த ஒருவர் பிறகு கடிதம் எழுதினார்: வானம் மூடியிருந்ததாம், ஓட்டி நட்சத்திரத்தையும் வெளிச்சவீட்டையும் பிடித்து ஓடுகிறவனாம், அந்தப் படகில் கொம்பாஸ் ஏதும் இருக்கவில்லையாம். நேவி சுட்டதா, திசை மாறி வெளிக்கடலுக்குப் போனதா என்று தனக்குத் தெரியாது என்றும் எழுதியிருந்தார்.

எங்கள் கடலில் வெளிச்சம் அடித்துத் தேடிவந்தவர்கள் காப்பாற்ற வந்தவர்கள் அல்லர். ஆகவே எங்கே போய் முறையிடுவது? அங்கே சொன்னால் ஏன் களவாகப் போனான் என்று மிச்சமிருப்பவர்களைப் பிடிப்பார்கள். இங்கே சொல்ல ஆளில்லை. உடலைக் காணாததால் செத்தவீடு இல்லை, எட்டு இல்லை, அந்தியேட்டி இல்லை, திதி எது என்று தெரியாததால் துவசமும் இல்லை. மனோ ஒவ்வொரு வருஷமும் அவன் பிறந்த நட்சத்திரத்தில் கோயிலுக்குப் போய் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்விப்பாள், உயிரோடு இருக்கிற ஆளுக்குச் செய்கிற மாதிரி. ஐயர் பெயர், நட்சத்திரம், இராசி எல்லாம் கேட்டு மந்திரம் சொல்லி விபூதி தருவார். நான் பக்கத்தில் நிற்பேன்.

கடிதம் வந்த அன்று நான் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாசித்தேன், மனோவிடம் கொடுத்தேன், பிறகு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன். அவளும் அழவில்லை, ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் அவளுக்குப் பின்னேர ஷிப்ட், நேரத்துக்குப் போனாள். அன்றிலிருந்து எங்கள் இரண்டு பேருக்குள்ளும் ஏதோ விறைத்துப் போயிற்று. சண்டை பிடிப்பதுமில்லை, சிரிப்பதுமில்லை. மோர்ட்கேஜ் கட்டுகிறோம், கவுன்சிலுக்குக் குப்பைத் தொட்டி கேட்டு எழுதுகிறோம், கலியாணங்களுக்குப் போய்ப் படத்துக்கு நிற்கிறோம். பார்ப்பவர்கள் நல்ல சோடி என்பார்கள்.

5

மார்கழியில் ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நிற்கும்போது மனோ கேட்டாள். வீட்டில் கேட்டிருக்கலாம், தர்ஷி இருப்பாள் என்று இங்கே கேட்டாள் போல.

"ரீச்சரின்ர கொம்பாஸ் சரியில்லை, கடலுக்கு ஏலாது எண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் காணும். நீங்கள் சொன்னால் அவ கேப்பா."

கேட்பார் என்பது எனக்கும் தெரியும். நான் பார்ப்பம் என்றேன். பார்ப்பம் என்பது எங்கள் வீட்டில் இல்லை என்பதற்கு இன்னொரு பெயர். பொய் சொல்லக்கூடாது என்ற கொள்கைப் பிடிப்பு ஒன்றும் எனக்கில்லை. அகதி விண்ணப்பத்தில் எழுதாத பொய்யா? பிள்ளை போவதில் எனக்கு விருப்பமா இல்லையா என்று உள்ளே தேடிப் பார்த்தேன். இரண்டும் இல்லை. மரத்துப்போன காலைத் தட்டிப் பார்க்கிற மாதிரித்தான் இருந்தது. மனோ அதற்குமேல் கேட்கவில்லை. பஸ் வந்தது, ஏறினோம்.

தர்ஷி அந்தக் குளிர்காலம் முழுக்கக் கயிற்றில் முடிச்சுப் போட்டுப் பழகினாள். கதிரைக் கால், கதவுப் பிடி, யன்னல் கொக்கி எல்லாவற்றிலும் முடிச்சு. தாயோடு பேசுவதை அனேகமாக நிறுத்திவிட்டாள். தனக்குத் தேவையானதை என்னிடம் இங்கிலிஷில் சொல்லுவாள், நான் அதைத் தமிழில் மனோவிடம் சொல்லுவேன், மனோ அதற்குச் சொல்லும் பதிலை நான் திரும்பவும் கொண்டுபோவேன். ஒரே சோபாவில் மூன்று பேரும் இருந்துகொண்டு இப்படி நடக்கும்.

6

சித்திரையில் படகுகளைத் தண்ணீரில் இறக்கத் தொடங்குவார்கள். ஒரு சனிக்கிழமை காலை அலுமாரியைத் திறந்து மிஸஸ் ஹாரிசின் கொம்பாசை வெளியே எடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குமிழி இல்லை, ஒழுக்கில்லை, குமிழ் பளிச்சென்று இருந்தது. நான் நிறைத்த திரவம், நான் சுற்றிய உறை. வேறு என்ன பார்க்க இருக்கிறது என்று மறுபடி துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

மனோ குசினி வாசலில் நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது.

"அதைக் கொண்டுபோகாதேங்கோ."

ஏன் என்றேன்.

"நான் அதைப் பழுதாக்கிப் போட்டன்."

பிறகு, விலைப்பட்டியல் வாசிக்கிற குரலில், நடந்ததைச் சொன்னாள். தைப்பொங்கலுக்குப் பிறகு பழைய கசெற் ரேடியோவைக் கழற்றி அதன் ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்திருக்கிறாள். கொம்பாசை மேலே கொண்டுபோய்த் தன் சேலை அலுமாரிக்குள் காந்தத்தோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறாள். நான் வெளியே எடுக்கிற காலம் கிட்ட வந்ததும் திரும்பவும் பழைய இடத்தில் வைத்திருக்கிறாள்.

"நீங்கள் பொய் சொல்லமாட்டியள் எண்டு விளங்கிச்சுது. அதுதான் உண்மையாக்கினனான். நீங்கள் பாத்த உடனே பிழை எண்டு தெரிஞ்சிடும், பயணம் நிண்டிடும் எண்டு நினைச்சன். நீங்கள் பாக்காமலே சுத்தி வைக்கிறியள். பிள்ளை எல்லே அதில போகப் போறாள்."

கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. கொம்பாசை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனேன். மற்றக் கொம்பாஸ்கள் மூன்றையும் கொண்டுவந்து, ஒன்றையொன்று இழுக்காத அளவுக்குத் தள்ளித் தள்ளி, புல்லில் பலகை போட்டு வைத்தேன். மூன்றும் பக்கத்து வீட்டுப் புகைபோக்கியை வடக்கு என்றன. மிஸஸ் ஹாரிசினது எங்கள் உடுப்புக் காயப்போடும் கம்பத்தை வடக்கு என்றது. ஸ்க்ரூ டிரைவரைக் கிட்டக் கொண்டுபோய்த் தட்டை விலக்கிவிட்டுப் பார்த்தேன். சோம்பலாகத் திரும்பி, ஒருமுறை கம்பத்தில் நின்றது, மறுமுறை வேலியில் நின்றது. பார்வைக்கு ஒரு குறையுமில்லாமல், நிறைந்த திரவத்தில், அவ்வளவு அமைதியாகப் பொய் சொன்னது. இதை நான் கொண்டுபோய்ப் பூட்டியிருப்பேன். என் மகள் இதைப் பார்த்துச் சுக்கான் பிடித்திருப்பாள்.

மனோவிடம் ஒன்று சொன்னேன். கொம்பாஸ் பழுதென்று ஒரு படகும் நிற்காது; ரீச்சர் கடைக்குப் போய் வேறொன்று வாங்கிப் பூட்டுவார் என்றேன்.

அவள் படியில் அப்படியே குந்தினாள். "கடையில விக்கிறதோ?"

"ஓம். அடுக்கி வைச்சிருக்கு."

"ஆரும் போய் வாங்கலாமோ?"

ஓம் என்றேன். அவள் புல்லில் கிடந்த நாலு கொம்பாஸ்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக எங்கள் படிக்குக் கீழே கறித்தூள் டின் இருக்கிற இடத்தில் அவை இருந்திருக்கின்றன. நாதனின் படகில் ஒன்றுகூட இருக்கவில்லை.

7

மிஸஸ் ஹாரிசிடம் நான் போய்ச் சொல்லுகிறேன் என்றேன். பழுதாக்கினது நான், சொல்லவேண்டியதும் நான் என்று மனோ சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். அத்தனை வருஷத்தில் அவள் என் வேலைத்தலத்துக்கு வந்தது அதுதான் முதல்தடவை. தாங்குகட்டையில் நின்ற படகுகளுக்கு இடையில் குளிர்க் கோட்டும் சேலையுமாக அவள் நடந்து வந்ததைப் பார்த்து ரெஜ் தொப்பியைக் கழற்றினார்.

மிஸஸ் ஹாரிஸ் படகின் மேலே நின்று வார்னிஷ் பூசிக்கொண்டிருந்தார். மனோ தன்னுடைய இங்கிலிஷில், காந்தம், கொம்பாஸ், நான், சொரி என்று நாலே சொல்லில் விஷயத்தை முடித்தாள். ரீச்சருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கிய பிறகு கோபித்துக்கொள்ளவுமில்லை. இப்போதாவது சொன்னீர்களே, அதுதான் பெரிய காரியம் என்றார். ஏன் என்று கேட்டார். மனோ என்னைப் பார்த்தாள். நான் நாதனின் கதையைச் சொன்னேன். ஏழெட்டு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. அலுவலகங்களில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த மற்ற கதைகளைப் போல் அல்லாமல், இதை நான் இங்கிலிஷில் சொன்னது அதுதான் முதல்முறை என்று சொல்லி முடித்தபிறகு தெரிந்தது.

ரீச்சர் தூரிகையை வைத்துவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டு மனோவை மேலே ஏற்றினார். பிள்ளைகள் படுக்கும் இடம், உயிர்காப்பு அங்கி, ரேடியோ, இன்னொரு கைக்கொம்பாஸ் எல்லாம் காட்டினார். மனோ மரியாதைக்குத் தலையாட்டினாள். பிறகு ஒரேயொரு கேள்வி கேட்டாள்: வராவிட்டால்?

ரீச்சர் விளங்கப்படுத்தினார். வெளிக்கிடும் முன்பு கடலோரக் காவலுக்கு அறிவிப்பார்களாம். அதோடு, கரையில் ஒரு ஆளிடம் எப்போது போய்ச் சேருவோம் என்று சொல்லிவைப்பார்களாம். அந்த நேரம் தாண்டியும் சேதி இல்லையென்றால் அந்த ஆள் போன் பண்ண வேண்டும். உடனே தேடிப் போவார்கள், படகும் போகும், தேவைப்பட்டால் ஹெலிகொப்டரும் போகும்.

மனோ என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்: "எனக்குச் சரியா விளங்கிச்சுதோ எண்டு கேளுங்கோ. தேடிப் போறவையோ? சும்மா, ஆரெண்டாலும்?"

கேட்டேன். யாராக இருந்தாலும் போவார்கள், அதுதான் அவர்களுடைய வேலை என்றார் ரீச்சர். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

மனோ படகின் விளிம்பைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள். கீழே சேறும், வற்றிய ஆறும், ஒரு சைக்கிள் சில்லும் கிடந்தன.

"அந்தக் கரையில நிக்கிற ஆள் நான் எண்டு சொல்லுங்கோ" என்றாள்.

8

ரீச்சர் புதுக் கொம்பாஸ் வாங்கினார். நான் பூட்டினேன். தண்ணீரில் இறக்கிய பிறகு படகை மெல்ல ஒரு வட்டம் சுற்றவிட்டு, தெரிந்த கோபுரங்களோடும் புகைபோக்கிகளோடும் பொருத்தி ஒவ்வொரு திசையும் சரியா என்று பார்த்தோம். இந்தமுறை இரண்டுதரம் பார்த்தேன்.

பிறகு விசா. எங்களிடம் இருப்பது அகதிகளுக்குத் தரும் பயணப் புத்தகம்; பக்கத்து நாட்டுக்குப் போகவும் விசா வேண்டும். பிரான்ஸ் தூதரகத்தில் தர்ஷியோடு வரிசையில் நின்று கவுண்டருக்குப் போனால், பிளேன் டிக்கெற்றா, கப்பல் டிக்கெற்றா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை, சின்னப் படகில் போகிறாள் என்றேன். கவுண்டரில் இருந்த பெண் பயணப் புத்தகத்தைப் பார்த்தாள், பிறந்த நாட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எங்கிருந்து எங்கே என்று திரும்பவும் கேட்டாள். இங்கிலாந்திலிருந்து பிரான்சுக்கு என்றேன். பிறகு? பிறகு அதே படகில் இங்கிலாந்துக்கு. ரீச்சரின் கடிதத்தை மூன்றுபேர் மாறி மாறி வாசித்தார்கள். படகில் நாட்டைவிட்டு வெளியேறுவதற்கு முறைப்படி வரிசையில் நின்று அனுமதி கேட்ட முதல் யாழ்ப்பாணக் குடும்பம் நாங்களாகத்தான் இருக்கும். தர்ஷி சிரித்தாள். வீட்டுக்கு வந்து தாயிடம் அதை நடித்துக் காட்டினாள், நேரடியாகத் தமிழிலேயே.

மனோ தன் பங்குக்குக் கடலோரக் காவலிடம் சொல்ல இங்கிலிஷில் ஒரு வசனம் பாடமாக்கினாள். ஒரு படகு வரவில்லை, நான் கரையில் இருக்கும் ஆள், தயவுசெய்து தேடுங்கள். சலவைப் பகுதியில் கூட வேலைசெய்யும் ஒரு ஐரிஷ் பெண்ணிடம் சொல்லித் திருத்திக்கொண்டு வந்தாள். சோறு வடிக்கும்போது சொல்லுவாள், படி துடைக்கும்போது சொல்லுவாள். நான் அருகே போனால் நிறுத்திவிடுவாள்.

ஆடி மாதம் அவர்கள் வெளிக்கிட்டார்கள். அடுத்தநாள் மத்தியானத்துக்குள் போய்ச் சேருவோம் என்று ரீச்சர் சொல்லியிருந்தார். மனோ ஷிப்டுக்குப் போகவில்லை. போனுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தாள். மத்தியானம் தாண்டச் சற்று முன் மணி அடித்தது. தர்ஷி ஒரு துறைமுகத்துப் போன் பெட்டியிலிருந்து கத்தினாள். வந்து சேர்ந்துவிட்டோம், வழியெல்லாம் சத்தி, அப்பாவிடம் சொல்லுங்கோ, காசு முடியப் போகுது. லைன் அறுந்தது.

"வந்திட்டாள்" என்று மனோ சொன்னாள்.

நல்லது என்றேன். தேநீருக்குக் கேத்திலை வைக்கக் குசினிக்குப் போனேன். தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும்போது முன்னறையில் அவள் போனைச் சுழற்றும் சத்தம் கேட்டது. பிறகு அந்த வசனம், பாடமாக்கியபடியே, ஒரு சொல்லும் பிசகாமல் கேட்டது.

ஓடிவந்து பார்த்தேன். பிள்ளை போய்ச் சேர்ந்த சேதி இப்போதுதானே வந்தது. மனோவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்தேன். கனகாலத்துக்குப் பிறகு எனக்கு வந்த பயம் அது. அவள் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினாள். மறுபக்கத்தில் இருந்தவர் கேட்டவை எனக்குக் கேட்கவில்லை. இவள் சொன்ன மறுமொழிகள் மட்டும் ஒவ்வொன்றாக வந்தன. பருத்தித்துறை. வேதாரணியம், அது இந்தியா. பதினொரு பேர். அடுத்தநாள் விடிய. இல்லை, இந்த வருஷம் இல்லை. எண்பத்தாறு.

அதற்குப் பிறகு அவள் போனைக் காதில் வைத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தாள். போனை வெட்டிவிட்டார்கள் என்று நினைத்து வாங்கிவைக்கக் கையை நீட்டினேன். அவள் என் கையை விலக்கிவிட்டு, வாயைத் துண்டால் மறைத்துக்கொண்டு, ஏதோ சொன்னாள். தாங்க் யூ என்றாள். வைத்தாள்.

என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"அது தங்கட கடல் இல்லையாம்" என்றாள். அவள் முகம் முழுக்க நனைந்திருந்தது. "எண்டாலும், தம்பியின்ர பேர் என்னெண்டு கேட்டவன்."